இருபது வளைவுக்கு ஒரு ஞானஸ்நானம்

அத்தியாயம் பதினொன்று

என் கணவர் கடைசியாக எனக்குச் செய்த உதவி, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தது.

தப்பான பஸ்ஸில்.

நான் ஒரு தோளில் பிள்ளையும் ஒரு தோளில் பையுமாக ஏறி, அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து, துப்பட்டாவைச் சரிசெய்த பிறகு கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்கம்மா, மஞ்சக்குட்டை ஒண்ணுங்களா?"

மஞ்சக்குட்டை மலை மேலேயே இன்னொரு ஊர். அடித்துப் பிடித்து இறங்கினேன். துண்டு உள்ளேயே தங்கிவிட்டது. சேலம் பஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, நெற்றியில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயரோடு.

"போர்டப் படிக்க மாட்டீங்களா? எஸ்டேட்டுக்கே பேரெழுதற ரைட்டருங்க நீங்க!"

"அதுலதான் குமாரி கூட்டம் கம்மியா இருந்துச்சு" என்றார்.

ஒன்பது வருஷம் ஆகிறது. இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு பழகியிருக்கும். இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது 1984 ஏப்ரல். கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் ஞானசுந்தரம் ரைட்டர். அவருடைய அக்கா தெரசம்மாள், எனக்கு அண்ணி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தாயில்லாத தம்பியை வளர்த்தவர், தம்பிக்குப் பெண்டாட்டி வந்த பிறகும் வளர்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேவகுமாரி. சின்ன வயதில் மலைப்பனி ஒத்துக்கொள்ளாமல் மூச்சிழுப்பு வந்து, சேலத்தில் ஒரு வாத்தியாரிடம் யோகாசனம் படித்தேன். இழுப்பு போனது, யோகாசனம் போகவில்லை. ஏற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக யோகா டீச்சராகச் சேர்ந்தேன். ஜூனில் நிரந்தரம் செய்வதாகச் சொன்னார்கள், சர்டிபிகேட் இருந்தால். அதற்கான செய்முறைத் தேர்வு சேலத்தில் வியாழக்கிழமை பத்து மணிக்கு என்று கடிதம் வந்ததில் போன வாரக் கதையை நிறுத்தியிருந்தேன். அதைத் தவறவிட்டால் அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழித்து. அதுவரை எந்தப் பள்ளி காத்திருக்கும்?

கையில் மூன்று மாதம் நிறையாத பெண் பிள்ளை. புட்டியைக் காட்டினால் வாயை இறுக்கிக்கொள்ளும். ஆகவே பரீட்சைக்கு அவளும் வரவேண்டும். இது எனக்குத் தெளிவாக இருந்தது. அண்ணிக்கு இல்லை.

வியாழக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கூடத்தில் சமுக்காளத்தை விரித்து ஒரு தடவை எல்லா ஆசனத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்று படுத்தேன். ஏழு மாத வயிற்றோடு விட்ட பயிற்சி. பிறகு பேறுகாலம், பத்தியம், வயிற்றில் இறுக்கிக் கட்டிய துணி. அந்த உடம்பை எழுப்பினால், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்பது போல் அது கிடந்தது. காலைத் தூக்கியதும் பாப்பா அழுதாள். பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டேன். சவாசனத்தில் படுத்தேன். கை தளர்ந்தது, கால் தளர்ந்தது, தாடை தளர்ந்தது. காது மட்டும் தொட்டிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பெற்றவளுக்குச் சவாசனம் கிடையாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் ஆண்கள்.

ஆறு மணிக்குப் பையைத் தூக்கியபோது அண்ணி வாசற்படியில் நின்றார்.

"புள்ளையத் தூக்கிட்டு எங்க கெளம்பற?"

"சேலத்துக்குங்க அண்ணி. நேத்தே சொன்னனுங்களே."

"நீ போறேன்னு சொன்ன. புள்ள போகுதுன்னு யாரு சொன்னா?"

"நான் போனாப் பாலும் என்கூடத்தானுங்க வரும்?"

"மூச்சப் புடிச்சுப் புடிச்சு இருக்கற பாலையும் வத்த வெக்கறதுக்கு ஒரு பரிச்சை. போ. ஆனா ஞானஸ்நானம் ஆகாத புள்ளைய மலை எறக்கக் கூடாது. எங்கூட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் எறக்குனதில்ல."

எனக்குத் தலை கொதித்தது. ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டதே அண்ணிதான். பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாம் என்றபோது, ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய சித்தப்பாவுக்கு லீவு இல்லை என்றார். மார்ச்சில் தவக்காலம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கறிசோறு போட முடியாது, கறிசோறு போடாத ஞானஸ்நானத்தை ஊர் என்ன சொல்லும் என்றார். ஈஸ்டர் முடியட்டும் என்று அவரே தள்ளிவைத்துவிட்டு, இப்போது அது ஆகவில்லை என்று வழிமறிக்கிறார்.

என் கணவர் பல் விளக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்தார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். நிதானமாகக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஏக்கா, ஞானஸ்நானம் ஆயிட்டாப் போலாமில்ல?"

"ஆனாத் தாராளமாப் போகட்டும்."

"மரண ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?"

"இதுக்கு என்னடா மரண ஆபத்து? கல்லாட்டம் இருக்குது."

"கொண்டை ஊசி வளைவு இருபது. அந்த பஸ்ஸு. அந்த டிரைவரு. இதுக்கு மேல என்னக்கா ஆபத்து வேணும் உனக்கு?"

அண்ணி வாயைத் திறந்தார். மறைக்கல்விப் புத்தகம் முழுவதையும் மனசுக்குள் புரட்டியிருப்பார் போல. மூடினார்.

என் கணவர் என்னிடமிருந்து பாப்பாவை வாங்கினார். அண்ணியே செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். செய்கிறதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமாம். பெயரெல்லாம் முன்பே முடிவானதுதான். ரோசலின். நான் தேடி வைத்த பெயர். இரண்டு மாதம் வாதாடி அண்ணியையும் சம்மதிக்க வைத்திருந்தேன்.

என் கணவர் செம்பை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பாப்பாவின் தலையில் தண்ணீர் விழுந்தது.

"தங்கம்மா, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

பாப்பா குளிரில் வீறிட்டாள்.

"யாருங்க அது தங்கம்மா?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "ஐயய்யோ" என்றார்.

எஸ்டேட்டில் தினமும் காலை ஏழு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசிப்பது ரைட்டர் வேலை. அந்தப் பேரேட்டில் முதல் பெயர் தங்கம்மா. பறிக்கிற பெண்களுக்குத் தலைவி. பதினோரு வருஷமாக என் கணவர் காலையில் வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் பெயர்தான். அன்றைக்கும் வந்துவிட்டது.

"காப்பி பறிக்கிறவ பேரையாடா நம்மூட்டுப் புள்ளைக்கு வெச்ச?" என்று அண்ணி தலையில் கைவைத்தார்.

"கண்ண மூடுனா அதான்க்கா வருது."

"இன்னொருக்காத் தண்ணி ஊத்துங்க. இப்பவே ஊத்துங்க. கண்ணத் தொறந்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"ஒருக்காதான் ஊத்தலாம்" என்று அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் அந்த வீட்டுக்குள் வந்து இரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"பேர மாத்த முடியுமான்னு ஈஸ்டர் கழிச்சுச் சாமியாரக் கேட்டுக்கலாம்" என்று அண்ணி வழிவிட்டார். ஞானஸ்நானம் ஆகிவிட்டதே, இனி மறிக்க முடியாது. "தலையத் தொவட்டிட்டுப் போ. சளி புடிக்கும், தங்க..." என்று ஆரம்பித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "பாப்பாவுக்கு" என்றார்.

வாடகை ஜீப்பில் ஏற்காடு வரை நான் அவரோடு பேசவில்லை. எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினாறு பேர். அன்று பேர் வாசிப்பதை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார், சிரித்த முகமாக.

"தங்கம்மாங்கற பேருக்கு என்ன கொறச்சல் குமாரி? அந்தம்மா ஒரு நாள் கூட ஆப்சென்ட் ஆனதில்ல."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் துண்டு விவகாரம்.

சேலம் பஸ்ஸில் இஞ்சினுக்குப் பக்கத்து சீட்தான் கிடைத்தது. சூடு. வண்டி கிளம்பும்போது அவர் ஜன்னலோரம் கூடவே நாலு எட்டு நடந்து வந்தார்.

"சர்டிபிகேட்டுல பேரு சரியா எழுதியிருக்காங்களான்னு பாத்து வாங்கு குமாரி."

யார், யாருக்குச் சொல்வது! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் வளைந்து இறங்கியது.

பிள்ளையோடு பிரயாணம் செய்கிற பெண், வழியில் இருக்கிற எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகிறாள். பின் சீட்டு அம்மாள், தலை நிற்காத பிள்ளையை ஏன் தூக்கிவந்தாய் என்றார். கண்டக்டர், காதில் பஞ்சு வைக்கச் சொன்னார். எட்டாவது வளைவில் ஒருவர் என் தலைக்கு மேலே எட்டி ஜன்னலைச் சாத்தினார், பத்தாவது வளைவில் இன்னொருவர் திறந்தார். மூச்சைக் கவனி, மூச்சைக் கவனி என்று நாற்பது பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இருபது வளைவிலும் நான் கவனித்தது அவளுடைய மூச்சைத்தான். மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடையது ஓடியதா நின்றதா, தெரியாது.

தேர்வு ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சேலத்து வெயில் பத்து மணிக்கே சுவரெல்லாம் ஏறியிருந்தது. நாங்கள் ஐந்து பெண்கள். தேர்வாளர் அறுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, கையில் ஸ்டாப்வாட்ச். என் முறை வந்ததும், செல்வி என்று ஒரு பெண், தன்னுடையதை முடித்துவிட்டவள், பாப்பாவை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

"பாப்பா பேர் என்னங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் வெக்கலைங்க" என்றேன்.

முதல் ஐந்து ஆசனம் சமாளித்தேன். ஹலாசனத்தில் கால் பின்னால் தரையைத் தொட வேண்டும். தொடவில்லை. ஒரு சாண் மேலே நின்று நடுங்கியது.

"தொடலையே அம்மா" என்றார் தேர்வாளர்.

"தெரியுதுங்க சார்" என்றேன், தலைகீழாக.

அப்போது வராந்தாவில் பாப்பா அழுதாள். அழுகை காதில் விழுந்த அடுத்த நொடி பால் சுரந்துவிட்டது. நான் கிடந்த கோலத்தில் அது கழுத்துப் பக்கமாக ஓடி வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது ஜிப்பா முன்பக்கம் முழுக்க ஈரம். தேர்வாளர் சட்டென்று மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"போயிட்டு... அப்புறமா வாங்க அம்மா. ஆனா விட்ட எடத்துலேர்ந்து தொடர விதியில்லை. மொதல்லேர்ந்து போடணும்."

முதலிலிருந்தா! அதே ஐந்தையும் மறுபடி போட என் இடுப்பில் தெம்பு இல்லை. அன்று காலையிலிருந்து சேர்ந்த ஆத்திரம் எல்லாம் ஒன்றாக வந்தது. விதி, விதி, வீட்டிலும் விதி, இங்கேயும் விதி.

"அடுத்து லிஸ்ட்ல என்னங்க சார் இருக்குது?"

"வஜ்ராசனம். அஞ்சு நிமிஷம். கூடவே கேள்வி."

"செல்வி, பாப்பாவக் கொண்டாங்க" என்றேன்.

மண்டியிட்டு, குதிகால் மேல் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, துப்பட்டாவை மேலே போட்டுப் பாப்பாவை அணைத்துக்கொண்டேன். "வஜ்ராசனம் சார். வாட்ச்ச அமுத்துங்க."

தேர்வாளர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "பூரகம், கும்பகம், ரேசகம். சொல்லுங்க."

பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்று பாப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பாப்பா மூன்று மிடறு குடித்தாள். நிறுத்தினாள். மூக்கால் இழுத்தாள், கொஞ்சம் வைத்துக்கொண்டாள், விட்டாள். மறுபடி மூன்று மிடறு. எனக்கு இரண்டு வருஷம் ஆனது அந்த அளவு கைவர. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஐந்து நிமிஷம் கேட்டார். ஒன்பது நிமிஷம் உட்கார்ந்தேன். அவள் முடிக்கவில்லையே.

"வஜ்ராசனத்துக்கு முழு மார்க்" என்றார் சுவரிடம். "ஹலாசனத்துக்கு முட்டை."

பாஸ். நூற்றுக்கு ஐம்பத்து நாலு. சர்டிபிகேட்டைக் கையில் வாங்கும்போது மணி பதினொன்றரை இருக்கும். பெயரைச் சரிபார்த்தேன். அவர் சொன்னதற்காக அல்ல, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் அந்த வாரம் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் செய்வது. எத்தனை மரம் ஆயிற்று என்று குறிக்க என் கணவர் கீழே போய் நின்றிருக்கிறார். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு கிளை விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்நேரம் நான் செல்வியோடு ஓர் ஓட்டலில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாளிப்பைக் கருக்கிவிட்டார்கள் என்று சர்வரிடம் சண்டைகூடப் போட்டேன்.

நாலு மணிக்கு ஏற்காட்டில் இறங்கியபோது, எஸ்டேட் ஜீப் நின்றது. எங்கள் மேஸ்திரி கருப்பண்ணன் பக்கத்தில் நின்றார். ரைட்டர் பெண்டாட்டிக்கு எஸ்டேட் ஜீப் என்றைக்கும் வந்ததில்லை.

"ரைட்டரய்யாவுக்குக் கொஞ்சம் அடிபட்டிருச்சுங்கம்மா. வாங்க போலாம்."

"எங்க அடி?"

"ஏறுங்கம்மா."

"காலா, கையா? போன வருசமும் இப்பிடித்தானுங்க, வேண்டாத எடத்துல போயி நின்னு காலச் சுளுக்கிட்டு வந்தாரு. மேல கீழ பாத்து நிக்கத் தெரியாதா? போர்டும் படிக்கத் தெரியாது..."

கருப்பண்ணன் என் பையை வாங்கி ஜீப்பில் வைத்தார். வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போனதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். ஐம்பத்து நாலு மார்க்கைக் கடைசியில்தான் சொல்வது, அதுவரை அலைய விடுவது என்றும் முடிவு செய்திருந்தேன்.

எங்கள் வாசலில் பறிக்கிற பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தங்கம்மா. அந்த அம்மாள் என்னைப் பார்த்து எழுந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அழுதேனா, விழுந்தேனா என்பதெல்லாம் நினைவில்லை. அண்ணி வந்து என் தோளைப் பிடித்தது நினைவிருக்கிறது.

"மொதல்ல புள்ளையக் குடு."

கொடுத்தேன். பாப்பா பசியில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு பெண் சொன்னாள்: "இப்பக் குடுக்காதீங்கம்மா, துக்கத்துப் பாலு ஆகாது, புள்ளைக்கு மாந்தம் வந்துரும்." இன்னொருத்தி பசும்பால் காய்ச்சப் போனாள்.

அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அவர் கண் இரண்டும் வீங்கியிருந்தன. அப்போதும் அவருக்கு ஒரு முறை இருந்தது.

"மொதப் பாலப் பீச்சிக் கீழ உட்டுட்டு அப்பறம் குடு. கெட்டது அதோட போயிரும்."

நான் அசையாமல் நின்றேன். அவரே உட்கார வைத்தார். அவரே ஜிப்பாவைத் தளர்த்தினார், கிண்ணத்தைப் பிடித்தார், பாப்பாவை மடியில் வைத்தார். அவள் குடிக்க ஆரம்பித்ததும், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பரிச்சை என்னாச்சு?"

"பாஸுங்க அண்ணி."

"செரி" என்றார். சுவரில் சாய்ந்தார். "செரி. அந்தக் காயிதத்தப் பத்தரமா வெய்யி. அது இருந்தாத்தான் நம்ம மூணு பேருக்கும் சோறு."

அதுவரை என் பரீட்சையைச் சந்நியாசி வேலை என்று திட்டியவர் அவர். எனக்கு அந்த வேளையிலும் ஆத்திரம்தான் வந்தது. இதைக் காலையில் சொல்லியிருக்கக் கூடாதா?

சற்று நேரத்தில் கதவைத் தட்டினார்கள். கோயில் உபதேசியார் மரியஜோசப் நோட்டும் பேனாவுமாக நின்றார். நாளைக்கு அடக்கப் பூசை, பதிவேட்டில் விவரம் எழுத வேண்டும் என்று மெல்லக் கேட்டார். அண்ணி எழுந்து போய், கதவு இடுக்கில் நின்று பதில் சொன்னார். தகப்பன் பெயர், தாய் பெயர், வயது முப்பத்தைந்து, மனைவி தேவகுமாரி.

"புள்ளைங்களுங்க?"

"ஒண்ணு. பொண்ணு."

"ஞானஸ்நானம் ஆயிருச்சுங்களா?"

"ஆச்சு. இன்னைக்குக் காலைல. அப்பனே குடுத்தான்."

உபதேசியார் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "என்ன பேருங்க?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றியபோது சொன்ன பெயரைக் காதால் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சொன்னவர் கூடத்தில் கிடந்தார். நாங்கள் எதைச் சொல்கிறோமோ அதுதான் பதிவேட்டில் ஏறும். நான் பாப்பாவின் பக்கம் குனிந்துகொண்டேன்.

"பேரக் காலைல சொல்றமுங்க" என்றார் கடைசியில்.

"செரிங்கம்மா. வயசாவது சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எம்பத்தாறு நாளு."

எண்ணிப் பார்க்காமல் சொன்னார். காலையில் அவள் அப்பாவோடு நாங்கள் ஜீப் ஏறும்போதும் அவளுக்கு அதே எண்பத்தாறு நாள்தான்.